டெல்லிக்குத் தனியாக முதல் பயணம்: ஸ்லீப்பரா ஏசியா, ஹாஸ்டலா சத்திரமா?

தனியாக வடக்கே கிளம்புகிறவர்கள் முதலில் கணக்குப் போடுவது டிக்கெட் விலையைத்தான். ஆனால் கைப்பணம் கரைவது பெரும்பாலும் களைப்பில். தூக்கம் கெட்டு விடிகாலையில் இறங்கியவர் ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுப்பார், முதலில் கண்ணில் பட்ட லாட்ஜில் பையை இறக்குவார். நான் எதையும் எடைபோடுவது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்: இறங்கும்போது தெம்பு மிச்சம் இருக்குமா?

தமிழ்நாடு எக்ஸ்பிரஸையே எடுத்துக்கொள்வோம். சென்ட்ரலில் இரவு 10 மணிக்கு ஏறினால் புது டெல்லி வரை சுமார் 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப் பகல். மூன்றடுக்கு ஏசிக்கு ஸ்லீப்பரைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கட்டணம். ஸ்லீப்பரில் பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. பக்கத்து சீட் குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தால் உங்களுக்கும் ஒரு பங்கு வரும். தனியாகப் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்த வண்டி பல்லார்ஷாவுக்கும் நாக்பூருக்கும் நடுவே ஓடுவது நடுப்பகலில். மே மாதத்தில் அங்கே ஜன்னல் வழியாக வருவது அனல்தான், மின்விசிறியும் அதையே சுழற்றி அடிக்கும். ஜனவரியில் கதை வேறு. போபாலைத் தாண்டினால் ஜன்னல் இடுக்கில் குளிர் ஊசியாக இறங்கும். ஸ்லீப்பரில் போர்வை தரமாட்டார்கள், ஏசியில் தருவார்கள். பனிமூட்டத்தால் வண்டி தாமதமாகவும் வரும்.

ஆக, ஏப்ரலிலிருந்து ஜூன் வரை இந்த நீண்ட பயணத்துக்கு மட்டும் ஏசி. மற்ற மாதங்களில் ஸ்லீப்பரே போதும், குளிர்காலத்தில் ஒரு கம்பளி சேர்த்துக்கொள்ளுங்கள். டெல்லியிலிருந்து காசி போல ஒரே இரவுப் பயணங்களுக்கு ஏசி என் கணக்கில் வீண்செலவு. எந்த வகுப்பானாலும் அப்பர் பெர்த் கேளுங்கள். பகலிலும் படுக்கலாம், பையைத் தலைமாட்டில் வைக்கலாம். மிடில் பெர்த் கிடைத்தால் மற்றவர்கள் உட்காருவதற்காக எழுந்து மடக்கிவிட வேண்டியதுதான். தனியாகப் போகும் பெண்களுக்கு மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களின் ஸ்லீப்பரில் ஆறு பெர்த் தனி ஒதுக்கீடு உண்டு. முன்பதிவில் அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முன்பதிவா, கடைசி நேரத்தில் எடுக்கும் தத்கலா என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அன்றே எடுத்துவிடுங்கள். உறுதியான தத்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்பதே போதுமான காரணம்.

தங்குமிடத்தில்தான் உண்மையான போட்டி. பலர் ஒரே அறையில் படுக்கும் ஹாஸ்டல் டார்மிட்டரியில் கட்டிலுக்கு மட்டும் காசு. கூடவே, அடுத்த ஊருக்கு எந்த பஸ் நல்லது என்று சொல்ல ஆள் இருக்கும். குறட்டையும் இருக்கும். ஸ்டேஷனிலேயே தங்கும் ரயில்வே ஓய்வறையை எடுக்க டிக்கெட்டில் இருக்கும் பி.என்.ஆர். எண் வேண்டும், அதிகபட்சம் 48 மணி நேரம்தான். ஆனால் விடிகாலையில் இறங்கிக் குளித்துவிட்டுக் கிளம்ப இதைவிடத் தோதான இடமில்லை. மதியம்தான் அறை என்று சொல்லும் லாட்ஜ் வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம்.

மூன்றாவது வழி குருத்வாரா, அதாவது சீக்கியர் கோயில். டெல்லி பங்களா சாஹிப்பிலும் அமிர்தசரஸ் பொற்கோயிலிலும் லங்கர் என்னும் பொதுப் பந்திச் சாப்பாடு யாருக்கும் இலவசம். தலையை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் தரையில் உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு கைகளையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். பொற்கோயிலை ஒட்டி, தங்குவதற்கான சராய் என்னும் விடுதிகளும் உண்டு, ஆனால் விடுமுறை நாட்களில் இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் சாப்பாட்டுக்கு குருத்வாரா, படுக்கைக்கு ஹாஸ்டல் என்று பிரித்துக்கொள்வது நல்லது. சாப்பிட்ட பிறகு சிறிது நேரம் தட்டு கழுவிக் கொடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள் என்றாலும்.

காசியில் மட்டும் நமக்கு இன்னொரு வழி இருக்கிறது: கோதௌலியா பக்கத்தில் 1863-இல் தொடங்கிய நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம். விசுவநாதர் பூஜைக்கு அங்கிருந்துதான் தினமும் பொருட்கள் போகின்றன. நம் ஊர்ச் சாப்பாடும் தமிழ்ப் பேச்சும் கிடைக்கும். ஆனால் தனியாக வருகிறவருக்கு அறை தரத் தயங்கும் சத்திரங்களும் தர்மசாலைகளும் அங்கே உண்டு; எங்கே தங்குவதானாலும் முதலிலேயே போனில் கேட்டுவிடுங்கள். மறுத்தால் ஹாஸ்டலுக்கு மாறிக்கொள்ளலாம், ஆற்றங்கரை ஊரில் அதற்குக் குறைவில்லை.

சக்கரம் வைத்த பெட்டியா, முதுகுப்பையா? காசிச் சந்துகளில் மாடும் படிக்கட்டும் இருப்பதால் முதுகுப்பைதான். எதுவானாலும் இரண்டு சின்னப் பூட்டும் ஒரு சங்கிலியும் சேர்த்து வாங்குங்கள். பையை விட்டுவைக்கும் ஸ்டேஷன் கிளோக் ரூமில் பூட்டாத பையை வாங்கமாட்டார்கள், ஹாஸ்டல் லாக்கருக்குப் பூட்டு பெரும்பாலும் நாம்தான் கொண்டுபோக வேண்டும், ஸ்லீப்பரில் பையை சீட்டுக்கு அடியில் கட்டிவைக்கச் சங்கிலி வேண்டும். இதையே பிளாட்பாரத்தில் வாங்கினால் விலை கூடுதல், பூட்டும் மட்டம்.