வண்ணார்பேட்டையில் ராத்திரியும் லைபேஸ் பார்க்கிற லேப்

வண்ணார்பேட்டை பைபாஸ் பக்கம் சந்துக்குள் இருக்கிற இந்த லேபுக்கு நாலு ஸ்டார். முக்கியக் காரணம், லைபேஸ் (கணையம் சுரக்கிற, கொழுப்பைச் செரிக்க வைக்கும் நொதி) டெஸ்டை அங்கேயே, அதுவும் ராத்திரியிலும் பார்க்கிறார்கள். சின்ன லேப்கள் சிலவற்றில் ரத்தத்தை எடுத்து வெளியே அனுப்பிவிட்டு "நாளைக்குச் சாயந்திரம் வாங்க" என்பார்கள். கணைய அழற்சியோ (கணையம் வீங்கிப் புண்ணாவது) என்று டாக்டர் சந்தேகப்படும்போது நாளைச் சாயந்திர ரிசல்ட்டை வைத்து என்ன செய்ய?

மாமாவுக்கு மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகு வரைக்கும் இழுத்தது, வாந்தியும் நிற்கவில்லை, வீட்டில் வாயுதான் என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தது லைபேஸ் மட்டும். கவுன்டரில் அமிலேஸும் (கணையமும் உமிழ்நீர்ச் சுரப்பியும் சுரக்கிற இன்னொரு நொதி) சேர்ந்த பேக்கேஜாகத்தான் போடுவோம் என்றார்கள், அங்கேதான் ஒரு ஸ்டார் போனது. அமிலேஸ் சில நாளிலேயே இறங்கிவிடும், பொன்னுக்குவீங்கி வந்தாலும் ஏறும். லைபேஸ் வலி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறி ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும், அதனால் லேட்டாகப் போனவர்களுக்கும் அதுதான் உதவும்.

ரத்தம் எடுத்த தம்பி கெட்டிக்காரர். மெஷினில் போட்டுச் சுற்றி எடுத்த ரத்த டியூபை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, "சீரம், அதான் மேலே பிரிஞ்சு நிக்கிற தண்ணி, தெளிவா இருக்கு அண்ணாச்சி, பால் மாதிரி இருந்தா கொழுப்பைப் பாக்கணும்" என்றார். உண்மைதான், ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 1000-ஐத் தாண்டினால் அதுவே கணையத்தைக் கெடுக்கும், போதாததற்கு அமிலேஸை நார்மல் போலக் காட்டி ஏமாற்றவும் செய்யும்.

ரிசல்ட் சீக்கிரமே வந்தது. 60-க்குள் இருக்க வேண்டிய லைபேஸ் ஆயிரத்துக்கு மேல். (இந்த 60 லேபுக்கு லேப் மாறும், பக்கத்தில் அச்சடித்திருக்கிற அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.) அந்த மேல் அளவைப்போல மூன்று மடங்கைத் தாண்டி, இப்படி வலியும் இருந்தால் கணைய அழற்சி என்று முடிவு செய்யலாம், ஸ்கேன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாமாவுக்கு அப்புறம் ஸ்கேன் எடுத்தது பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க, இருந்தது.

ஆயிரம் என்றதும் அத்தை அழ ஆரம்பித்துவிட்டார்கள். நம்பர் பெரிதாக இருந்தால் நோயும் பெரிது என்று கிடையாது, இதை அந்தக் கவுன்டரிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தீவிரத்தை டாக்டர் பார்த்தது வேறு வகையில்: யூரியா, கால்சியம், 48 மணி நேரம் கழித்து சிஆர்பி (உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்த டெஸ்ட்). அந்த சிஆர்பி 150-ஐத் தாண்டினால்தான் அவருக்குக் கவலை. ஆனால் லேபில் இருந்து தினமும் போன், லைபேஸ் இறங்கிவிட்டதா என்று இன்னொரு தடவை பார்க்கலாமே என்று. டாக்டரிடம் கேட்டேன், சிரித்துவிட்டு வேண்டாம் என்றார்.

இன்னொரு குறை, ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம் இல்லை. வலி தொடங்கி எத்தனை மணி நேரத்தில் எடுத்தது என்று தெரியாமல் இந்த நம்பரைப் படிப்பது கஷ்டம், பேனாவால் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். மாடிப்படி செங்குத்து, லிஃப்ட் கிடையாது, நோயாளியைக் கீழே காரிலேயே உட்கார வைத்துச் சொல்லி அனுப்பினால் அந்தத் தம்பி இறங்கி வந்து எடுப்பார்.