அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் காட்டுநிலம்: ட்ரீ குரோத்தா, ஓப்பன் ஸ்பேஸா?

ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) பாதைக்கு நிலத்தில் இடம் விடுகிறவர்கள், சொத்துவரியைக் குறைக்க ட்ரீ குரோத் (மரம் வளர்க்கும் காட்டுக்கு), ஓப்பன் ஸ்பேஸ் (திறந்தவெளியாக விடும் நிலத்துக்கு) என்ற இரண்டு வரிச்சலுகைத் திட்டங்களில் எதை எடுப்பது என்று குழம்புகிறார்கள்.

பரப்பு: ட்ரீ குரோத்துக்குக் குறைந்தது 10 ஏக்கர் காடு வேண்டும். ஓப்பன் ஸ்பேஸுக்கு அப்படி வரம்பில்லை.

வேலை: முதலாவதில் மரம் வெட்டி விற்கும் நோக்கமும், 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வனத்திட்டமும் கட்டாயம், அதற்கு உரிமம் பெற்ற வனவியலாளருக்குக் காசு தர வேண்டும்.

பொது அனுமதி: ட்ரீ குரோத்தில் இதற்கென்று தனிச் சலுகை கிடையாது. ஓப்பன் ஸ்பேஸில் அடிப்படை 20% குறைப்போடு, பொதுமக்களை நிலத்துக்குள் வர விட்டால் வரிக்கான மதிப்பு இன்னும் 25% குறையும்.

திட்டத்திலிருந்து வெளியேறினால் இரண்டிலும் அபராதம் உண்டு.

மரம் விற்பவருக்கு ட்ரீ குரோத். பாதை திறந்திருக்கட்டும் என்று நினைக்கும் சின்ன நிலக்காரருக்கு ஓப்பன் ஸ்பேஸ்தான் சரி.