மெயின்பிரேம் இல்லாத வீட்டில் கோபோல் பழக எது சரி?

வேலையை விட்ட அன்றே ஆபீசின் மெயின்பிரேம் என்ற பெரிய கணினிக்கான லாகினும் போய்விட்டது. கோபோல் நிரல்மொழியில் கை பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று செலவில்லாத மூன்று வழிகளை முயன்றேன். இரண்டைத் தாண்டி, மெயின்பிரேமைப் போல நடிக்கும் ஹெர்குலஸ் எமுலேட்டரில் ஓடும் எம்விஎஸ் என்ற பழைய ஐபிஎம் இயங்குதளத்தில்தான் நிலைத்தேன்.

முதலாவது, சாதாரண கணினியில் ஓடும் இலவச கோபோல் கம்பைலரான க்னுகோபோல். நிறுவச் சில நிமிடம் போதும். எவால்யுவேட், எண்ட்-இஃப் போன்ற பிந்தைய கோபோல் வாக்கியங்கள் எல்லாம் ஓடும். மொழி பழக நல்லது. ஆனால் ஜாப்பை ஓட்டச் சொல்லும் கட்டளை மொழியான ஜேசிஎல் இல்லை, ஜாப்பின் வெளியீட்டைச் சேர்த்து வைக்கும் ஸ்பூல் இல்லை.

எனக்கு அதுதான் முக்கியம். எங்கள் வேலையில் பாதி, ராத்திரி விழுந்த ஜாப் ஏன் விழுந்தது என்று தேடுவதுதான். காம்ப்-3 (சுருக்கிச் சேமித்த எண்) இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஸ்பேஸ் நிரம்பிய ஒரு ஃபைலை வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தேன். க்னுகோபோல் சாதாரண கம்பைலில் ஏதோ ஒரு கூட்டுத்தொகையைக் காட்டி முடித்துவிட்டது. டீபக் ஆப்ஷன் கொடுத்தால் பிடிக்கும், உண்மைதான். எம்விஎஸ்ஸிலோ எஸ்0சி7 (எண்ணின் இடத்தில் தவறான தரவு) என்ற பிழையோடு ஜாப் நின்றது. ஜேசிஎல்லில் சிஸ்யூடம்ப் டிடி என்ற வரியைப் போட்டு நினைவகப் பதிவை (டம்ப்) எடுத்து, அதில் பிழை நேர்ந்த இடத்தை (ஆஃப்செட்) பார்த்து, கம்பைலர் தந்த லிஸ்டிங்கில் அந்த வரியைத் தேடினேன். ஆபீசில் செய்த அதே வேலை! ஒரே ஃபைலின் அடுத்தடுத்த பதிப்புகளை வைக்கும் ஜிடிஜி, ஃபைல்களை நிர்வகிக்கும் ஐடிகேம்ஸ் எல்லாமும் இருக்கின்றன.

ஹெர்குலஸும் எம்விஎஸ்ஸும் சேர்ந்த டிகே5 என்ற தயார் தொகுப்பை இறக்கிப் பிரித்து, 3270 எமுலேட்டரில் (மெயின்பிரேம் திரையைக் காட்டும் நிரல்) இணைத்தால், கட்டளை இட்டு வேலை செய்யும் டிஎஸ்ஓ வந்துவிடும். சாதாரண லேப்டாப்பே போதும். குறை என்றால் கம்பைலர்தான். 1968 தரத்தைச் சேர்ந்தது. எண்ட்-இஃப் கிடையாது, இஃப் வாக்கியத்தைப் புள்ளி வைத்துத்தான் முடிக்க வேண்டும். மெயின்பிரேமின் விசாம் வகை ஃபைலை நேரடியாகப் படிக்காது. ஐபிஎம்மின் டிபி2 தரவுத்தளம் இல்லை. திரைவழிப் பரிவர்த்தனைகளை நடத்தும் சிக்ஸுக்குப் பதில், அதைப் போன்ற கிக்ஸ் உண்டு, அதை நான் ஒரு வாரம்தான் தொட்டேன். இன்றைய மெயின்பிரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸையே ஹெர்குலஸில் ஏற்றலாமே என்று தோன்றும். லைசென்ஸ் இல்லாமல் வேண்டாம்.

மூன்றாவது, ஐபிஎம்மின் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற இணையவழிப் பயிற்சி. நிஜமான இசட்/ஓஎஸ், இலவசம், விஎஸ் கோட் எடிட்டரிலிருந்தே வேலை. புதிதாக வருபவர் இங்கே தொடங்குவதே மேல். நான் தொடக்கப் பயிற்சிகளைத்தான் முடித்தேன், அதனால் முழுவதும் சொல்ல முடியாது. ஆனால் அது அவர்கள் வகுத்த பாடம். பத்து ஸ்டெப் ஜாப் வரிசை ஒன்றை எழுதி, நடுவில் உடைத்து, ரீஸ்டார்ட் செய்து, மாதக்கணக்கில் வைத்துக்கொள்ள எனக்கு என் சொந்த டிஸ்க் வேண்டியிருந்தது.

புதிய கோபோல் வாக்கியங்களைப் பழக வேண்டிய நாளில் மட்டும், ஐபிஎம் கோபோலைப் போல நடக்கச் சொல்லும் டயலெக்ட் ஆப்ஷனோடு க்னுகோபோலைத் திறக்கிறேன்.