நானே பொருத்திய டோபார்: நான்கு வருடத்துக்குப் பிறகு

காருக்கு டோபார், அதாவது ட்ரெய்லரை மாட்டி இழுக்கப் பின்பக்கம் பொருத்தும், நுனியில் இரும்பு உருண்டை உள்ள சட்டம், பொருத்தி நான்கு வருடம் ஆகிறது. மாதத்தில் இரண்டு மூன்று தடவை ஒற்றை அச்சு ட்ரெய்லரை இழுக்கிறேன். நடுநடுவே அதே உருண்டையில் சைக்கிள் ஸ்டாண்டை மாட்டி இரண்டு மின்சார சைக்கிள்களை ஏற்றிப் போவதும் உண்டு. இந்த நான்கு வருடத்தில் இரும்புப் பாகம் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. வந்த சிக்கல் எல்லாம் பொருத்தும்போது நான் அவசரப்பட்டுக் கடந்துபோன சின்ன இடங்களிலிருந்துதான் வந்தது. அதனால் இதில் அந்த இடங்களைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

முதலில் தேர்வு. கடைப் பட்டியலைத் திறப்பதற்கு முன் காரின் எடைத் தகட்டைப் பாருங்கள். என் காரில் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிறது. வண்டி முழுச் சுமையோடு எவ்வளவு எடை இருக்கலாம், வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து எவ்வளவு, முன் அச்சுக்கு எவ்வளவு, பின் அச்சுக்கு எவ்வளவு என்று நான்கு எண்கள் அதில் உள்ளன. இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால், முழுச் சுமையேற்றிய கார் எவ்வளவு இழுக்கலாம் என்று தெரியும். சில கார்களுக்கு இழுக்கும் அனுமதியே கிடையாது. அப்படிப்பட்ட காருக்கும் டோபார் விற்கிறார்கள், சைக்கிள் ஸ்டாண்டு மாட்ட மட்டும். இதைக் கவனிக்காமல் வாங்கினால் வருத்தம்தான்.

டோபாரின் தகட்டிலும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று டி மதிப்பு, அதாவது இழுக்கும்போது பார் தாங்கக்கூடிய விசை. காரின் உச்ச எடையையும் ட்ரெய்லரின் உச்ச எடையையும் டன்னில் எடுத்துப் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81 ஆல் பெருக்கினால் எவ்வளவு தேவை என்று கிலோ நியூட்டனில் வரும். என் கார் 1.9 டன், ட்ரெய்லர் 1.2 டன், கணக்கு 7.2 என்று வந்தது. 8.4 உள்ள பார் வாங்கினேன். மற்றொன்று எஸ் மதிப்பு, அதாவது உருண்டையின் மேல் நேராகக் கீழ்நோக்கி இறங்கக்கூடிய பாரம். என்னுடையது 75 கிலோ. காருக்குச் சொல்லியிருப்பது, பாருக்குச் சொல்லியிருப்பது, ட்ரெய்லரின் இணைப்புக்கு (உருண்டையின் மேல் கவிழ்ந்து பூட்டும் பாகம்) சொல்லியிருப்பது, இதில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

எல்லாரும் இழுவை எடையைத்தான் கேட்கிறார்கள், இந்த 75 கிலோவைக் கேட்பவர் குறைவு. என் பயன்பாட்டில் அடிக்கடி தலையிடுவது இதுதான். ஸ்டாண்டு 18 கிலோ, சைக்கிள் ஒவ்வொன்றும் 25 கிலோ, மொத்தம் 68. மூன்றாவது சைக்கிளுக்கு இடமில்லை, ஸ்டாண்டில் காலி இடம் இருந்தாலும்.

உருண்டையின் அளவையும் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் 50 மி.மீ.; வட அமெரிக்காவில் பரவலாக இருப்பது 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 50 மி.மீ. உருண்டையில் 2 அங்குல இணைப்பை மாட்டினால் பூட்டியது போலத் தெரியும், மேடு பள்ளத்தில் கழன்றுவிடலாம். வெளிநாட்டு ட்ரெய்லரோ பழைய ட்ரெய்லரோ வாங்குபவர்கள் இணைப்பின் மேல் பொறித்திருக்கும் அளவைப் படித்துவிட்டே மாட்ட வேண்டும். அத்துடன் ஐ.நா. விதி எண் 55-இன்படி அங்கீகாரம் பெற்ற எண் தகட்டில் இருக்கிறதா என்றும் பார்த்தேன். அந்த எண் இல்லாத பார் பாதி விலைக்குக் கிடைத்தாலும் நான் தொடமாட்டேன்.

உருண்டையைத் தாங்கும் கழுத்து நிலையாக நிற்பதா, கழற்றக்கூடியதா என்று ரொம்ப நாள் யோசித்தேன். கழற்றுவதையே எடுத்தேன், பின்னால் தடை இருந்தால் ஒலி எழுப்பும் பின் சென்சார்கள் உருண்டையைப் பார்த்து எந்நேரமும் கத்தக் கூடாது என்பதற்காக. அந்த முடிவு சரிதான். கேரேஜில் நிறுத்தும்போது முழங்காலில் இடிபடாததும் ஒரு லாபம்.

பொருத்தும் நாளில் தம்பி கூட இருந்தான். தனியாகச் செய்ய நினைக்காதீர்கள். பம்பரைக் கழற்ற நான்கு கை வேண்டும், பாரைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டும். பின்விளக்குகள், சக்கர வளைவுக்குள் இருக்கும் திருகுகள், அடிப்பக்கக் கிளிப்புகள் என்று வரிசையாகக் கழற்றி ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டோம். பம்பர் வெளியே வந்ததும் அதன் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டோபாரின் குறுக்குச் சட்டம் உட்கார வேண்டும். இரண்டு பக்கக் கரங்களும் சேஸிஸ் குழாய்களுக்குள் நுழையும். சைலன்ஸரைத் தாங்கும் ரப்பரைக் கழற்றச் சோப்புத் தண்ணீர் போதும்.

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் முடுக்கினோம். பிறகு பாரை நடுவில் கொண்டுவர வேண்டும். "அண்ணா, இந்தப் பக்கம் ரெண்டு நூல் தள்ளுங்க" என்று தம்பி பின்னால் நின்று சொல்லச் சொல்ல நகர்த்தினேன். அதற்கு அப்புறம்தான் டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து இறுக்கும் ஸ்பேனர். 8.8 தர போல்ட்டுகள்; என் கையேட்டில் எம்10-க்கு (10 மி.மீ. போல்ட்) 50, எம்12-க்கு 85 நியூட்டன் மீட்டர் என்று இருந்தது. உங்கள் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் உங்களுக்கு. கை அளவில் இறுக்கும் வேலை இல்லை இது.

இங்கேதான் முதல் தவறு. இரும்பும் இரும்பும் தொடும் இடங்களில், கார் அடியில் பூசியிருக்கும் தார் போன்ற பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, துரு தடுக்கும் பெயின்ட் அடித்துப் பொருத்தச் சொல்லியிருந்தது. இடது பக்கம் ஒழுங்காகச் செய்தேன். வலது பக்கம் இருட்டிவிட்டது, மேலோட்டமாகச் சுரண்டினேன். 1,000 கி.மீ. ஓடியபின் மறுபடி இறுக்கிப் பார்க்கும்போது இடது பக்கம் ஒரு போல்ட்டும் அசையவில்லை. வலது பக்கம் இரண்டு போல்ட்டுகள் கால் சுற்று சுற்றின. மெத்தென்ற பூச்சு அழுத்தத்தில் நசுங்கி விலகிக்கொண்டே போகும், போல்ட்டின் பிடி தளர்ந்துகொண்டே வரும். அன்றே எல்லாவற்றையும் கழற்றி, சுரண்டி, புது நட் போட்டேன். அந்த 1,000 கி.மீ. சோதனையை யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

பம்பரில் வெட்ட வேண்டிய வடிவம் காகிதத்தில் வந்திருந்தது. டேப் ஒட்டி, கோட்டுக்கு உள்ளே சற்றுக் குறைவாக வெட்டி, மாட்டிப் பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் அரத்தால் தேய்த்தேன். அழகாக வந்தது.

வயரிங்தான் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. பழைய கார்களில் பின்விளக்கு வயரிலிருந்து ஒரு கிளை இழுத்தால் போதும். இப்போதைய கார்களில் விளக்கு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று கணினி கவனித்துக்கொண்டே இருக்கும். நேராகக் கிளை இழுத்தால் பல்பு பழுது என்று எச்சரிக்கை வரும், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது கெடும். அதனால் அந்தக் காருக்கென்றே செய்த, ப்ளக்கோடு ப்ளக் சேரும் 13 பின் வயரிங் வாங்கினேன். காரின் கணினிக்கு டோபார் இருப்பதைச் சொல்ல கோடிங் செய்ய வேண்டியிருந்தது, அதை மட்டும் வெளியே கொடுத்தேன். அதற்குப் பிறகு ட்ரெய்லரை மாட்டியதும் பின் சென்சார்கள் தாமாக அணைகின்றன; ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தால் காரின் நிலைப்படுத்தும் அமைப்பும் அதைக் கணக்கில் எடுக்கிறது. இந்த இரண்டுக்காகவே பொதுவான மலிவு வயரிங்கைவிட இதைச் சொல்வேன்.

இரண்டாவது வருட மழையில் ஒரு விசித்திரம். பிரேக் மிதித்தால் ட்ரெய்லரின் இண்டிகேட்டர்களும் மங்கலாக எரிந்தன. பல்பு மாற்றினேன், ஃபியூஸ் பார்த்தேன், ட்ரெய்லர் வயரைப் பிரித்தேன், இரண்டு சனிக்கிழமை போனது. கடைசியில் எர்த். விளக்குகள் எரியும்போது ட்ரெய்லர் ப்ளக் சொருகும் சாக்கெட்டின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 1.8 வோல்ட் காட்டியது. அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும். நான் எர்த் கொடுத்த போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் முழுதாகப் போகவில்லை. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் மற்ற பல்புகள் வழியே சுற்றியிருக்கிறது. இத்தனை நாள் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், உருண்டையும் இணைப்பும் இரும்போடு இரும்பு தொடுவதால் அதன் வழியாகவும் எர்த் கிடைத்துக்கொண்டிருந்தது. பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே மெழுகு பூசினேன். இன்றுவரை பிரச்சினை இல்லை.

கழற்றும் கழுத்தை ஒருமுறை எட்டு மாதம் மாட்டியபடியே விட்டேன். பிறகு வெளியே எடுக்கத் துரு நீக்கும் எண்ணெயும் ஒரு மணி நேரமும் தேவைப்பட்டது. இப்போது வேலை முடிந்ததும் கழற்றி, துடைத்து, துணிப்பையில் சுற்றி டிக்கியில் வைக்கிறேன், துளைக்கு மூடி. மாட்டும்போது பூட்டிவிட்டதைக் காட்டும் பச்சைக் குறி தெரிகிறதா, சாவி வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டு, கையால் ஒருமுறை பலமாக இழுத்தும் பார்ப்பேன். 7 பின் ப்ளக் உள்ள ட்ரெய்லருக்கான அடாப்டரையும் சாக்கெட்டிலேயே விடுவதில்லை. மூடி திறந்தே இருந்து தண்ணீர் புகுந்துவிடும்.

ஓட்டும்போது கற்றது ஒன்று. ஒருநாள் கனமான சாமான்களை அச்சுக்குப் பின்னால் ஏற்றிவிட்டேன், 80-இல் போகும்போது ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தேன், அடங்கியது. இப்போது ஏற்றியதும் குளியலறை எடைமெஷினின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, ட்ரெய்லர் மட்டமாக இருக்கும்படி இணைப்பை அதன்மேல் வைத்து அளக்கிறேன். 60 கிலோவுக்கும் 75 கிலோவுக்கும் நடுவே இருந்தால் கிளம்புவேன்.

தேய்மானம்? போன வாரம் வெர்னியரால் உருண்டையைப் பல பக்கம் அளந்தேன். மிகக் குறைந்த இடத்தில் 49.8 மி.மீ. 49-க்கு வந்தால் மாற்ற வேண்டும்.