ஹர்ட்டா, ஹார்மா? எங்கே எது பொருந்தும்?

ஹர்ட், ஹார்ம், இஞ்சர், டேமேஜ் என்று ஆங்கில–தமிழ் அகராதியில் எதைத் தேடினாலும் ஏறத்தாழ ஒரே பதில்தான் கிடைக்கும்: தீங்கு செய், ஊறு விளைவி. இதை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் வாக்கியம் சில சமயம் சிரிப்பை வரவழைக்கும், சில சமயம் கேட்பவரைப் பதறவைக்கும்.

பெரிய போட்டி முதல் இரண்டுக்கும்தான். ஹர்ட் என்பது வலியைப் பார்க்கிறது, ஹார்ம் என்பது விளைவைப் பார்க்கிறது. பல் மருத்துவர் ஊசி போட்டால் வலிக்கும், அதனால் கெடுதல் இல்லை. அது ஹர்ட், ஹார்ம் அல்ல. சிகரெட் நேர்மாறு. இழுக்கும்போது சுகமாக இருந்தாலும் நுரையீரலைக் கெடுக்கிறது, அதனால் 'ஸ்மோக்கிங் ஹார்ம்ஸ் யுவர் லங்ஸ்'. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் எழுதிய, இன்று 'ஹார்ம் பிரின்சிபிள்' எனப்படும் கொள்கையிலும் இந்தச் சொல்தான் முக்கியம். ஒருவருடைய சுதந்திரத்தில் கைவைக்க வேண்டுமானால் அவரால் பிறருக்குக் கேடு வர வேண்டும். யாருக்கோ மனம் புண்பட்டது என்பது மட்டும் போதாது என்றே அதற்குப் பொதுவாக விளக்கம் சொல்வார்கள்.

இலக்கணத்தில் ஹர்ட் கொஞ்சம் வம்பு பிடித்தது. இறந்தகாலத்திலும் அது ஹர்ட்தான், ஹர்ட்டட் என்று ஒரு வடிவம் கிடையாது. அதனால் 'ஹி ஹர்ட்ஸ் மீ' என்றால் வழக்கமாக நோகடிக்கிறான், 'ஹி ஹர்ட் மீ' என்றால் நோகடித்துவிட்டான். கடைசியில் ஒட்டும் அந்த 'ஸ்' ஒலிதான் காலத்தைச் சொல்கிறது. 'தே ஹர்ட் மீ' என்றால் அந்த உதவியும் இல்லை, நேற்று, தினமும் என்று ஏதாவது சேர்த்தால்தான் தெளிவாகும். ஹார்ம் சாது. இறந்தகாலத்தில் ஹார்ம்ட், அவ்வளவுதான். ஆனால் யாருக்கு, எதற்கு என்று செயப்படுபொருள் வேண்டும். கால் வலித்தால் 'மை லெக் ஹர்ட்ஸ்' என்று நிறுத்திக்கொள்ளலாம், 'மை லெக் ஹார்ம்ஸ்' என்று முடியாது. நம்மவர்கள் பலர் சொல்லும் 'மை லெக் ஈஸ் பெயினிங்' நமக்குள் புரியும், வெளியே கொஞ்சம் விநோதமாக ஒலிக்கும்.

அப்புறம், எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதும் வித்தியாசம் ஒன்று. 'ஐ ஹர்ட் மை ஹேண்ட்', 'ஐ ஹர்ட் மைசெல்ஃப்' என்று சொல்லத் தமிழர்கள் தயங்குவார்கள், வேண்டுமென்றே செய்துகொண்டதுபோல் ஒலிக்குமோ என்று. பயமே வேண்டாம், தவறி அடிபட்டது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஆனால் அதே இடத்தில் 'ஐ ஹார்ம்ட் மைசெல்ஃப்' என்று போட்டால் தெரிந்தே உடம்பைக் காயப்படுத்திக்கொண்டேன் என்றாகிவிடும். செல்ஃப்-ஹார்ம் என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். கத்தி தவறி விரலில் பட்டதை இப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் பதறிப்போவார்.

மனக்காயத்துக்கு ஹர்ட்தான். 'ஷி வாஸ் ஹர்ட்' என்றால் விபத்தா, மனவருத்தமா என்று குழப்பம் வரும். முன்னால் 'பேட்லி' வந்தால் பெரும்பாலும் உடம்பு, 'டீப்லி' வந்தால் மனசு. 'ஷி வாஸ் ஹார்ம்ட்' என்று எழுதினால் அங்கே மனவருத்தம் என்ற அர்த்தமே வராது. பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டும் ஹார்ம் முந்திக்கொள்கிறது: டூ ஹார்ம், காஸ் ஹார்ம், 'ஹி மென்ட் நோ ஹார்ம்'. 'கிவ் ஹார்ம்' என்று சொல்வதில்லை.

மற்றவற்றுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. இஞ்சர் உடல் காயத்துக்கு, அதிலும் விபத்திலோ விளையாட்டிலோ பட்டதற்கு. துப்பாக்கி, கத்தி, போர் என்றால் செய்திகளில் பெரும்பாலும் வூண்ட் வரும். உச்சரிப்பில் 'ஊ' நீள வேண்டும், 'வவுண்ட்' என்றால் கயிற்றைச் சுற்றியதைச் சொல்லும் வேறு சொல்லாகிவிடும், எழுத்து இரண்டுக்கும் ஒன்றே.

டேமேஜ் பொருளுக்கு. கார், வீடு, பேர், உறவு எல்லாம் சேதமாகலாம். 'த டிரைவர் வாஸ் டேமேஜ்ட்' என்றால் ஓட்டுநரையும் வண்டியின் உதிரிபாகமாக்கிவிட்டோம். ஆனால் ஆளின் ஒரு உறுப்பைத் தனியே சொல்லும்போது சரி: ஆல்கஹால் டேமேஜ்ட் ஹிஸ் லிவர். இதையே பெயர்ச்சொல்லாக்கிப் பன்மையில் 'டேமேஜஸ்' என்று எழுதினால் பல சேதங்கள் என்றல்ல, நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் இழப்பீட்டுப் பணம் என்றே படிப்பார்கள். வெள்ளத்தில் எவ்வளவு சேதம் என்று எழுதுகிறவர்கள் ஒருமையிலேயே விட்டுவிடலாம்.