திருச்சபை, அரசு, பண்பாடு: ஓர் இணையவழிப் பாடத்தொகுப்பைப் பற்றிய மதிப்புரை

ஆலயத்தில் அரசியல் பேசலாமா என்று யாராவது கேட்டால், எங்கள் வேதாகம வாசிப்புக் குழு உடனே இரண்டாகப் பிரிந்துவிடும். இராயனுக்குரியதை, அதாவது பேரரசருக்குரியதை, இராயனுக்குச் செலுத்தச் சொன்ன இயேசுவின் வசனத்தை இரு தரப்பினருமே தமக்குச் சாதகமாக எடுத்துக்காட்டுவார்கள். இந்த வாதத்துக்கு வரலாற்று அறிவு வேண்டும் என்பதற்காகவே, கிறிஸ்தவர்களின் அரசியல் வாழ்விலும் பண்பாட்டு வாழ்விலும் திருச்சபை வகித்த பங்கை விளக்கும் இணையவழிப் பாடத்தொகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். மொத்தம் 12 விரிவுரைகள். முதல் 8 அரசியலுக்கு, மற்ற 4 பண்பாட்டுக்கு. இப்படிப் பிரித்ததே தொகுப்பின் பெருங்குறை என்பது என் கருத்து. ஆனாலும் நிறையை முதலில் சொல்வதே முறை.

நான்காவது விரிவுரையை மூன்று முறை கேட்டேன். 1077 ஜனவரியில் ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் காத்திருந்து போப் ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்புப் பெற்றதைத் திருச்சபையின் வெற்றியாகவே பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆசிரியர் அதோடு நிறுத்தவில்லை. அதே ஹென்றி 1084இல் ரோமைக் கைப்பற்றித் தம் ஆதரவு பெற்ற வேறொரு போப்பின் கையால் பேரரசராக முடிசூடியதையும், மறு ஆண்டு கிரகோரி சலேர்னோவில் தம் இருக்கையை இழந்த நிலையில் இறந்ததையும் சொல்லிவிட்டு, பூசலின் மையத்துக்கு வருகிறார்: ஓர் ஆயருக்கு (பிஷப்புக்கு) அவர் பதவியின் அடையாளமான மோதிரத்தையும் கோலையும் கொடுக்கும் உரிமை யாருக்கு? ஆயர்கள் பெருநிலங்களை ஆண்டு, அரசருக்குப் படையும் அனுப்பிய காலத்தில் அது வெறும் சடங்கைப் பற்றிய கேள்வியாக இருந்திருக்க முடியாது. 1122ஆம் ஆண்டின் வோர்ம்ஸ் உடன்படிக்கையில், அடுத்து வந்த பேரரசர் ஐந்தாம் ஹென்றி மோதிரத்தையும் கோலையும் விட்டுக்கொடுத்து, செங்கோலால் நில உரிமை வழங்கும் அதிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த ஆவணத்தை மொழிபெயர்ப்பில் நம் கையில் கொடுத்து, யார் எதை விட்டார், எதைப் பிடித்துக்கொண்டார் என்று வரிவரியாகக் காட்டும் அந்தப் பகுதிக்காகவே இத்தொகுப்பில் சேரலாம்.

இரண்டாவது விரிவுரையில் இந்த நேர்மை குறைகிறது. தெசலோனிக்கேயாவில் அரசப் படையினர் நடத்திய படுகொலைக்காக 390இல் ரோமப் பேரரசர் தியோடோசியஸை வெளிப்படையாக மனம் வருந்தச் செய்த மிலான் ஆயர் அம்புரோஸின் துணிவு அங்கே விரிவாகப் போற்றப்படுகிறது. போற்றத்தக்கதுதான். ஆனால் அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், காலினிக்கம் ஊரில் கிறிஸ்தவர்கள் எரித்த யூத ஜெப ஆலயத்தை அவ்வூர் ஆயரின் செலவில் கட்டித்தர வேண்டும் என்று அதே பேரரசர் ஆணையிட்டபோது, அந்த ஆணையைத் திரும்பப் பெறச் செய்தவரும் இதே அம்புரோஸ்தான். ஒரே மனிதர், ஒரே அரசர், ஒரே வகையான செல்வாக்கு. இரண்டையும் சேர்த்துக் கேட்காத மாணவர், ஆயர் அரசரைக் கண்டித்தாலே அது நீதியின் குரல் என்று நம்பிவிடுவார். நாஜி ஆட்சியின்போது ஜெர்மானியப் புராட்டஸ்டண்டு சபையினர் 1934இல் வெளியிட்ட பார்மன் அறிக்கை பற்றிய ஆறாவது விரிவுரை இத்தவறைச் செய்யவில்லை. சபை தன் ஆண்டவரையன்றி வேறு தலைவருக்குக் கீழ்ப்படியாது என்று உரைத்த அந்த அறிக்கை, யூதர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் தயங்காமல் எடுத்துச் சொல்கிறது.

இனி, அரசியல் வேறு, பண்பாடு வேறு என்ற அந்தப் பிரிவினை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் ஆர்மீனிய எழுத்தை உருவாக்கினார். வேதாகமம் அம்மொழிக்கு வந்தது. 428இல் ஆர்மீனியரின் அரச வம்சம் வீழ்ந்தது. மன்னரை இழந்த ஒரு மக்கள் நூற்றாண்டுக் கணக்காகத் தம்மை ஒரே மக்களாக உணர்ந்ததில் அந்த எழுத்துக்கும் அதில் நடந்த வழிபாட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. இதைவிடப் பெரிய அரசியல் செய்தி எது? இத்தொகுப்பிலோ அது ஒன்பதாவது விரிவுரையில், கலை அழகைப் பற்றிய பேச்சுக்கு நடுவே, சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஏழாவது விரிவுரையில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். 1955 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில், பேருந்துகளில் நிலவிய நிறப்பாகுபாட்டை எதிர்த்த பேருந்துப் புறக்கணிப்பைத் தொடரக் கறுப்பின மக்கள் முடிவெடுத்தது ஹோல்ட் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் ஆலயத்தில்தான். 381 நாட்கள் நீடித்த அந்தப் போராட்டத்தின் கூட்டங்களும் நிதி திரட்டலும் மாற்று வாகன ஏற்பாடும் பெரும்பாலும் ஆலயங்களை நம்பியே நடந்தன. சேர்ந்து பாடவும், குழு அமைக்கவும், காணிக்கைக் கணக்கு எழுதவும், சபை நடுவே எழுந்து பேசவும் அம்மக்கள் தலைமுறைகளாகப் பழகிய இடம் அது. விரிவுரையோ மார்ட்டின் லூதர் கிங்கின் சொல்வன்மையோடு நின்றுவிடுகிறது. அன்றைய கிழக்கு ஜெர்மனியில், லைப்சிக் நகரின் நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமைதோறும் நடந்த சமாதான ஜெபமும், 1989 அக்டோபர் 9 அன்று கம்யூனிச ஆட்சியை எதிர்த்து வீதியில் திரண்ட ஏறத்தாழ 70,000 பேரும் அதே அவசரத்தில் கடந்துபோகிறார்கள். ஆயர்களும் அரசர்களும் மட்டுமே திருச்சபை என்ற பார்வை இந்த எட்டு விரிவுரைகளிலும் படிந்திருக்கிறது. விசுவாசிகளைக் கூட்டமாகத்தான் காண்கிறோம்.

சேவையைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. ஒலி தெளிவாக இருக்கிறது. எழுத்து வடிவமும் கிடைக்கிறது. காலினிக்கம் பற்றி நான் அனுப்பிய கேள்விக்கு இரண்டு நாட்களில் விரிவான, விட்டுப்போனதை ஒப்புக்கொண்ட பதில் வந்தது. தேர்வுகள் மட்டும் ஆண்டுகளை ஒப்பிக்கச் சொல்லும் தரத்தில் இருக்கின்றன. அவற்றைத் தவிர்த்தாலும் இழப்பில்லை. சேர விரும்புவோர் வரிசையை மாற்றிக் கேட்குமாறு பரிந்துரைக்கிறேன்: ஒன்பதாவதை இரண்டாவதற்கு அடுத்தும், சபைப் பாடலைப் பற்றிய பதினொன்றாவதை ஏழாவதற்கு முன்பும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் அடுத்த மாதம் அந்த வரிசையில்தான் கேட்கப் போகிறோம்.