ஜிம்னிக்கு ரிம்மும் டயரும் மாற்றி 31,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

போன வாரம் ஆபீஸ் நண்பன் புதிதாக ஒரு மாருதி ஜிம்னி எடுத்தான். எடுத்த மறுநாளே, "மச்சி, உன் வண்டில இருக்கிற அதே ரிம், அதே டயர், கடை எங்கன்னு சொல்லு, ஞாயித்துக்கிழமை போய் போட்டுட்டு வந்துடுறேன்" என்று மெசேஜ் அனுப்பினான். ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. டயரைப் பற்றிக் கேட்டிருந்தால் போட்டிருப்பேன். ரிம் என்றதும் ஒரு வருஷத்துக்கு மேல் நான் பட்ட பாடு கண்முன் வந்துவிட்டது, அதனால் இதை எழுதுகிறேன்.

என் வண்டி 2023 செப்டம்பரில் எடுத்த ஸீட்டா மாடல், மேனுவல் கியர். அதில் கம்பெனி கொடுப்பது ஸ்டீல் ரிம், 195/80 ஆர்15 டயர். நான் இருப்பது பெங்களூரு பொம்மனஹள்ளியில். அப்பா வாங்கிப் போட்ட தோட்டம் அஞ்செட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, மாதம் இரண்டு முறையாவது ஓசூர், தேன்கனிக்கோட்டை வழியாகப் போய் வருவேன். கடைசி மூன்று கிலோமீட்டர் மண் பாதை, நடுவில் இரண்டு ஓடை. கோடையில் எந்த வண்டியும் போகும். ஐப்பசியில் அந்தச் செம்மண் களிம்பு மாதிரி டயரில் அப்பிக்கொள்ளும். முதல் மழைக்காலத்தில் கம்பெனி டயரோடு போய், ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கும் குறைந்த கியரில்) போட்டும் நான்கு சக்கரமும் இருந்த இடத்திலேயே சுற்றியது, பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்துதான் இழுத்துவிட்டது. அது வண்டியின் குற்றம் இல்லை. தார் ரோட்டுக்குச் செய்த டயரின் பள்ளங்களில் களிமண் நிறைந்துவிட்டால் அப்புறம் அது வெறும் மொழுக்கென்ற ரப்பர் உருளைதான்.

2024 மே மாதம், 9,000 கிலோமீட்டரில், 215/75 ஆர்15 ஆல் டெரெய்ன் (தார், மண் இரண்டுக்குமான) டயர் ஐந்து, ஏழு அங்குல அகல அலாய் ரிம் நான்கு வாங்கினேன். ஐந்தாவது டயர் பழைய ஸ்டீல் ரிம்மிலேயே ஏறி பின்கதவுக்குப் போனது. டயர் ஒன்று 8,000 ரூபாய் சுமார், ரிம் செட் 34,000. பிராண்டு பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகும் சங்கதி வெளியே வாங்கும் எந்த ரிம்மிலும் வரக்கூடியது.

முதலில் டயர், அதற்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். 195/80 டயரின் முழு உயரம் 693 மில்லிமீட்டர், 215/75 டயருக்கு 703 சொச்சம். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை சதவீதம். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நிஜத்தில் 81 போவோம், அவ்வளவுதான். எங்கும் உரசாது, வண்டியைத் தூக்கும் லிஃப்ட் கிட் தேவையில்லை. கடைக்காரர்கள் 235/75 போடச் சொல்லித்தான் ஆசை காட்டுவார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் உயரம் 733. கிட்டத்தட்ட ஆறு சதவீதம் அதிகம். 105 குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சினுக்கு ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு உயர்ந்துவிட்ட மாதிரி ஆகும், மேட்டில் ஒரு கியர் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், வண்டியைத் தூக்காமல் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் உரசவும் செய்யும். சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் டயரும் வேண்டாம். மாதத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் சேற்றுக்காக ஆயிரம் கிலோமீட்டர் தார் ரோட்டில் இரைச்சலும், மழையில் பிரேக் பிடிக்கையில் பயமும் எதற்கு?

அந்த வருஷ ஐப்பசியில் அதே பாதையில் அதே இடத்துக்கு வந்தேன். இந்த முறை இறங்கி நான்கு டயரிலும் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். காற்று குறைந்தால் டயர் தரையில் நீளவாக்கில் படியும், பிடிக்கும் பரப்பு கூடும். செகண்ட் கியர், ஃபோர் லோ, ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்தும் வைக்காமலும். பள்ளங்களில் ஏறிய மண்ணை டயர் தானே பின்னால் விசிறிக்கொண்டு ஏறியதே, அதை விவரிக்கத் தெரியவில்லை. பின்சீட்டில் இருந்த அம்மா, "கண்ணு, இந்தத் தடவ டிராக்டர்காரன எழுப்ப வேண்டாம் போலிருக்கே" என்றார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே டயருக்குக் கொடுத்த காசு தகும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மைலேஜ் 14.5 இருந்தது 13 ஆகிவிட்டது, 70க்கு மேல் மெல்லிய ரீங்காரம் உண்டு, கல் இடுக்கில் மாட்டிக்கொண்டு பார்க்கிங்கில் டிக் டிக் என்று கேட்கும். போகட்டும். 31,000 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் பட்டன் மிச்சம் இருக்கிறது.

இப்போது ரிம்.

முதல் ஆறாயிரம் கிலோமீட்டர் எந்தப் பிரச்சினையும் இல்லை. அதற்கப்புறம் டயர் ரொட்டேஷனுக்கு ஒரு கடையில் விட்டேன். எடுத்து வந்த அன்று சாயங்காலம் சில்க் போர்டில் ஏறி எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் 70ஐத் தொட்டபோது, பாலத்தின் இணைப்பு ஒன்றில் தட் என்று ஏறி இறங்கியது, அடுத்த வினாடி ஸ்டீயரிங் இரண்டு கைக்கும் அடங்காமல் இடமும் வலமுமாக ஆடியது. டேஷ்போர்டே ஆடியது. வேகத்தை 50க்குக் குறைத்ததும்தான் நின்றது. பக்கத்தில் லாரி வந்துகொண்டிருந்தது. அந்த ஒன்பது சொச்சம் கிலோமீட்டர் பாலத்தில் அதற்கப்புறம் நான் ஒரு வருஷத்துக்கும் மேல் 60ஐத் தாண்டவில்லை, ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னால் கை தானாக இறுகும்.

ஜிம்னி மாதிரி முன்பக்கம் ஒரே முழு ஆக்சில் இருக்கும் வண்டிகளில் இது தெரிந்த வியாதிதான். ஒரு சக்கரத்தில் ஆரம்பிக்கும் ஆட்டம், இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் வழியாக அடுத்த சக்கரத்துக்குப் போய், திரும்பி வந்து, தானே வளரும். கம்பெனி இதற்காகவே ஸ்டீயரிங் டாம்பர் ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் டாம்பர் ஆட்டத்தை அமுக்கும், அவ்வளவுதான். ஆட்டத்தை ஆரம்பித்து வைப்பது வேறு ஏதோ ஒன்று, அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று கடைகளில் பேலன்சிங் பார்த்தேன். மூன்றிலும் மெஷினில் சைபர் காட்டியது. அலைன்மென்ட் இரண்டு முறை. "டாம்பர் போச்சு சார்" என்றார் ஒருவர், புது டாம்பர் போட்டேன், ஒரு மாதம் குறைந்த மாதிரி இருந்தது, மறுபடி வந்தது. "கிங் பின் பேரிங்" என்றார் இன்னொருவர், அதையும் பிரித்துப் பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று மூடினார், கூலி மட்டும் போனது. இன்னொருவர் டயரிலேயே கோளாறு, மாற்றிவிடுங்கள் என்றார். எனக்கு அதில்தான் கோபம் வந்தது. அந்த டயரை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பதில் கிடைத்தது தோட்டத்தில், அதுவும் பஞ்சரால். முன்பக்க இடது சக்கரத்தில் முள் ஏறியிருந்தது. ஜாக்கி போட்டு நானே கழற்றி, பஞ்சர் குச்சி ஏற்றி, காற்றடித்துத் திரும்ப மாட்டினேன். மாட்டும்போது நடு மூடி கழன்றிருந்ததால் உள்ளே ஹப், அதாவது ரிம் உட்காரும் நடுத் தண்டு, தெரிந்தது. நட் இறுக்குவதற்கு முன்னால் ரிம் ஹப்பின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது: மேலே ஒட்டியிருக்கிறது, கீழே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஹப்பின் விளிம்பைத் துடைத்துப் பார்த்தால் துரு ஒரே பக்கத்தில் மட்டும் தேய்ந்திருந்தது. நட்களை ஸ்பேனரில் கையாலேயே, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி இறக்கினேன். திரும்பி வரும்போது ஆட்டம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

மறுநாள் வெர்னியர் கொண்டுபோய் அளந்தேன். ஜிம்னியின் ஹப் 108 மில்லிமீட்டர். ரிம்மின் நடு ஓட்டை 110. ஐந்து போல்ட்டின் வட்டம் 139.7, அது சரியாகப் பொருந்தும், அதனால் கடையில் "ஜிம்னிக்குச் செட் ஆகும்" என்று கொடுத்துவிடுவார்கள். பொய்யும் இல்லை. ஆனால் பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாகவே வைத்துச் செய்கிறார்கள். கம்பெனி ரிம் ஹப்பில் கச்சிதமாக உட்காரும், இது நட்டை மட்டும் நம்பி உட்காருகிறது. நட்டின் கூம்புப் பக்கம் ரிம்மை நடுவுக்குக் கொண்டுவரும் என்பது உண்மைதான், பொறுமையாக இறுக்கினால். இம்பாக்ட் கன்னை வைத்து முதல் நட்டையே ட்ர்ர்ர் என்று முழுதாக இறுக்கிவிட்டால் ரிம் தொங்கிய இடத்திலேயே பூட்டிக்கொள்ளும்.

பேலன்சிங் மெஷின் ஏன் சைபர் காட்டியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. மெஷினில் ரிம்மை நடு ஓட்டையில் கூம்பு வைத்து உட்காரவைக்கிறார்கள், அங்கே அது மிகச் சரியாக நடுவில் இருக்கிறது. வண்டியில் இல்லை. ரிம்மும் டயரும் சேர்ந்து 22 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே ரிம் விளிம்பில் 55, 60 கிராம் ஈயக்கட்டியை ஒட்டியதற்குச் சமம். 70 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஒன்பது முறை சுற்றுகிறது. பாலத்து இணைப்பு ஒரு தட்டு தட்டினால் போதும்.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை அடைக்க வளையம் செய்ய, பீன்யாவில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் வேலூர்ப் பக்கத்துக்காரர், அறுபது வயதிருக்கும். ரிம்மையும் அளவையும் காட்டியதும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "ஒரு மில்லி கனம்தான் வரும் தம்பி, அலுமினியத்துல கடைஞ்சு தரேன், அடிச்சு ஏத்தாதீங்க, கையால அமுக்கினா உட்காரணும்" என்றார். நான்கு வளையம், 1,600 ரூபாய். கையால் அமுக்கினேன், உட்கார்ந்தது. அன்றைக்கே நைஸ் ரோட்டில் 90 வரைக்கும் போய்ப் பார்த்தேன், திரும்பும்போது அதே மேம்பாலத்தில் 75இல் வந்தேன். இணைப்புகளின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதற்கப்புறம் 4,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது, ஒரு முறைகூட ஆடவில்லை.

அப்படியானால் ரிம் நல்ல ரிம்தானே என்று கேட்கலாம். நியாயமாகப் பார்த்தால் ஆமாம். இத்தனை பள்ளத்தில் விழுந்தும் வளையவில்லை, விரிசல் இல்லை, பெயிண்ட் போகவில்லை. வண்டி அகலமாக, தரையில் ஊன்றி நிற்கிற மாதிரி ஒரு தோற்றம், பெட்ரோல் பங்கில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். சக்கரம் மூன்று சென்டிமீட்டர் வெளியே நிற்பதால் சேறெல்லாம் கதவில் அடிக்கிறது, வீல் பேரிங்குக்கும் கூடுதல் சுமைதான், அதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனாலும் வாங்காதே என்றுதான் சொல்வேன். 34,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளோடு 1,600 ரூபாய் வளையத்தைக் கொடுக்கவோ, கொடுக்காவிட்டாலும் அப்படி ஒன்று தேவை என்று சொல்லவோ யாருக்கும் தோன்றவில்லையே, அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்த லாரி இன்னும் இரண்டடி பக்கத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராத்திரியில் நினைப்பு வருகிறது. என் மிச்ச ஸ்டீல் ரிம் நான்கும் பால்கனியில் துணி சுற்றி இருக்கின்றன. அடுத்த டயர் செட் அவற்றில்தான் ஏறும்.

அதனால் நண்பா, உன் வண்டி ஆல்ஃபா மாடல், கம்பெனி அலாயே இருக்கிறது, அதிலேயே 215/75 ஆல் டெரெய்ன் ஐந்தாகப் போடு, ஸ்டெப்னியை விட்டுவிடாதே. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைப் பார்த்து வாங்கு, முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், கடைசி இரண்டு இலக்கம் வருஷம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது, எனவே இன்ஷூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள். நட்டை இம்பாக்ட் கன்னில் முழுதாக இறுக்க விடாதே, கடைசி இறுக்கு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் இருக்கட்டும்.

இவ்வளவும் படித்த பிறகும் உனக்குக் கறுப்பு ரிம்தான் வேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது என்னைக் கூப்பிடு. வெர்னியரை எடுத்துக்கொண்டு வருகிறேன்.